டச்பேடை இடது கைக்கு மாற்றிவிட்டேன்

தாணு,

அன்புள்ள என்று போட்டு ஆரம்பிக்கவில்லை. அந்த வார்த்தையை உன்னிடம் நான் வாயால் சொன்னதே கிடையாது. இந்த அறுபத்தெட்டு வயதில் எழுத்தில் சொன்னால், அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீ சொல்லிக்கொண்டு திரிவதற்கு நானே சாட்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும். பதினெட்டு நாளைக்கு முன்னால் நம் குடும்பக் குரூப்பில் நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு செய்தி பாதியிலேயே போய் விழுந்தது. "தாணு வந்திருந்தபோது என் கையைக் கட்டிப்போட்டு" என்பதோடு அது நின்றது. இருபத்தாறு பேர் அதைப் படித்தார்கள். உன் மாமனார் மாமியார், நாகர்கோவிலில் இருக்கும் என் தங்கை, உன் அப்பா வழியில் சாலைக் கடைத்தெருவில் இன்னும் கடை வைத்திருக்கிற ஆட்கள், எல்லாரும் அதில் உண்டு. அதன் மீதியை இப்போது எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அதே குரூப்பில்தான் போடப்போகிறேன். பாதியைப் படித்துவிட்டு உன்னைக் காறித் துப்பியவர்கள் மீதியையும் படித்துவிட்டு யார்மேல் துப்ப வேண்டுமோ துப்பட்டும்.

வருகிற சனிக்கிழமை நீ அயர்லாந்திலிருந்து வருகிறாய். நெடுமங்காடு தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் முதியோர் இல்லத்தின் படிவம் உன் பையில் இருக்கும். என்னை அங்கே சேர்த்துவிட்டு நம் ஆரியசாலை வீட்டைப் பூட்டிப்போடுவது உன் ஏற்பாடு. ஹோம் நர்ஸ் ஷீபாவிடம் நீ போனில் சொன்னதை அவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டாள், அவளுக்குக் கை நிறைய மாவு. படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும், சேருகிறவர் ஒன்று, பொறுப்பாளர் ஒன்று. சேருகிறவருக்குத் தெளிவில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் பொறுப்பாளர் கையெழுத்தே போதும் என்றும் நீ விசாரித்து வைத்திருக்கிறாய். அதற்கு வசதியாகக் குரூப்பில், "அம்மாவுக்கு ஸ்ட்ரோக்குக்குப் பிறகு கொஞ்சம் குழப்பம், அவங்க எழுதுறதை யாரும் பொருட்படுத்த வேண்டாம்" என்று போட்டாய். அதற்குப் பத்தொன்பது பேர் கைகூப்புகிற படம் போட்டார்கள், என் தங்கை உட்பட. நாற்பத்தொரு வருஷமாக உன்னை எனக்குத் தெரியும், இவ்வளவு சுத்தமாக ஒரு காரியத்தை நீ முடித்துப் பார்த்ததில்லை. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முடிக்கும்போது என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், குரூப்பில் இருப்பவர்களுக்கும் தெரியட்டும். பதினோரு மாதத்துக்கு முன்னால் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது என் வலது கையிலிருந்து காய்கறிப் பை கழன்று விழுந்தது. குனிந்து எடுக்கப் போன கை வரவில்லை. வாய் ஒரு மாதம் கோணிக்கொண்டிருந்து நேராகிவிட்டது, கால் வீட்டுக்குள் நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது, வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்குகிற சாமானாக ஆகிவிட்டது. விரல்கள் கொஞ்சம் மடங்கும், அவ்வளவுதான். நீ இரண்டு மாதத்துக்கு முன்னால் மூன்று வார லீவில் வந்தாய். பிசியோதெரப்பி செய்ய வருகிறவர் உன்னிடம் ஒரு முறையைச் சொன்னார்: நல்ல கைக்கு ஒரு கையுறை மாட்டி அதைச் சும்மா இருக்க வைக்க வேண்டும், தினம் இரண்டு மணி நேரம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். அப்போது வேறு வழியில்லாமல் கெட்ட கை வேலை செய்யப் பார்க்கும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. அதற்கென்று ஒரு பஞ்சுக் கையுறையும் கொடுத்துவிட்டுப் போனார். அது பிரிட்ஜின் மேல் இன்றுவரை பிரிக்காமல் இருக்கிறது.

நீ கையுறையை எடுக்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த தோர்த்தை, அந்த மெல்லிய குளியல் துண்டை, எடுத்துக்கொண்டு வந்தாய். என் இடது கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய், நாற்காலியின் கம்பியோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சைப் பின்னால் போட்டாய். "அம்மா, இந்தக் கை சும்மா இருந்தாத்தான் அந்தக் கை வேலை செய்யும், கேட்டியா" என்றாய். பிசியோ சொன்னதைத்தான் நீ சொன்னதாக ஷீபா நினைத்தாள். அந்த வார்த்தைகள் பிசியோவுடையவை அல்ல, என்னுடையவை. நீ அஞ்சு வயதுப் பிள்ளையாக இருந்தபோது நான் உன்னிடம் சொன்னது, ஒரு சொல் மாறவில்லை. இரண்டு சுற்றும் என்னுடைய கணக்கு. முடிச்சைப் பின்னால் போடுவதும் என்னுடைய ஏற்பாடு, முன்னால் போட்டால் நீ பல்லால் கடித்து அவிழ்த்துவிடுவாய் என்பதற்காக. நான் தலையைத் திருப்பி உன் முகத்தைப் பார்த்தேன். நல்லது செய்கிற பிள்ளையின் முகம் இல்லை அது. எனக்குப் பயமாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு மணி நேரம் என்று சொன்னது முதல் நாளே நாலாகி, மூன்றாம் நாள் ஆறாகிவிட்டது. ஒரு நாள் சாயா டம்ளரை வலது கையால் பிடிக்கச் சொன்னாய். அது சரிந்து என் மடியில் கொட்டியது. நல்ல சூடு. நீ ஈரத் துணி கொண்டுவந்து ஒத்தி எடுத்தாய், மருந்து போட்டாய், நைட்டியை மாற்றிவிட ஷீபாவைக் கூப்பிட்டாய், ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் உடை மாற்றுவதற்காக அவிழ்த்த கையை, அவள் போனதும் மறுபடி கட்டினாய். நம் வீட்டில் பெரிய விஷயங்கள் எல்லாமே இப்படித்தான், இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் பேச மாட்டோம். உன் கல்யாணத்தின்போதும் அப்பாவின் பதினாறாம் நாளின்போதும் இப்படித்தான் இருந்தோம்.

அந்த லீவில்தான் இந்த லேப்டாப்பையும் "செரியாக்கித் தாறேன்" என்று எடுத்து உட்கார்ந்தாய். இதில் லினக்ஸ் இருக்கிறது என்று உன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பாயே, அந்த லினக்ஸை எனக்கு நீ கற்றுத்தரவில்லை. நாற்பத்தெட்டு வயதில், ஓணம் லீவில், மற்ற டீச்சர்மாரோடு பிள்ளைகளைப் போல வரிசையில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தேன். கணக்கு டீச்சர் என்பதால் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையையும் என் தலையில் கட்டினார்கள். பன்னிரண்டு மெஷினையும் நானே பிரித்து மேய்ந்திருக்கிறேன். நீ அப்போது எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தாய், "அம்மா, ஒனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றாய். இப்போது புது வெர்ஷன் ஏற்றி, டச்பேடை உன் இஷ்டத்துக்கு அமைத்தாய். விரலால் லேசாகத் தட்டினாலே கிளிக் ஆகும்படி வைத்தாய். அம்புக்குறி ஓடுகிற வேகத்தை ஏற்றினாய். என் வலது கையைத் தூக்கி அந்தப் பலகைமேல் வைத்து, "அழுத்தண்டாம், சும்மா தொட்டாப் போரும்" என்றாய். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "முதன்மைப் பட்டனை வலப்பக்கம் மாத்தித் தா மக்ளே, இடது கைக்கு அதுதான் வாகு." நீ திரையைப் பார்த்துக்கொண்டே, "மாட்டேன், அது இருந்தா நீ வலது கையை மறந்துருவே" என்று சொல்லி லேப்டாப்பை மூடினாய்.

இனி குரூப்பில் இருப்பவர்களுக்குத் தெரியாத பகுதி. உனக்கு மூன்று வயதில் எழுத்தினிருத்துக்கு, முதல் எழுத்து எழுதவைக்கிற சடங்குக்கு, கொண்டுபோனோம். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பெரியவர் உன் விரலைப் பிடித்து எழுத வைக்க வேண்டும். அவர் கையை நீட்டச் சொன்னதும் நீ இடது கையை நீட்டினாய். அவர் அதைத் தள்ளிவிட்டு வலது கையைப் பிடித்தார், நீ உருவிக்கொண்டு மறுபடி இடது கையை அரிசியில் வைத்தாய். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குழந்தையைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்த சிரிப்புதான் அது, இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு முகம் எரிந்தது. ஒரு டீச்சரின் பிள்ளை சரஸ்வதி முன்னால் பீச்சாங்கையை நீட்டுகிறான் என்று நினைத்தேன். அந்த எரிச்சல் இரண்டு வருஷம் உள்ளேயே கிடந்தது. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் தோர்த்தை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கட்ட முடியாது. வீட்டுக்கு வந்ததிலிருந்து படுக்கிறவரை கட்டு. ஒன்றாம் வகுப்பு முழுக்க, இரண்டாம் வகுப்பில் பாதி. சாப்பாடு, எழுத்து, விளையாட்டு எல்லாம் ஒற்றைக் கையால்தான்.

ஒரு நாள் உன் நிக்கரின் கொக்கியை வலது கையால் அவிழ்க்க முடியாமல் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாய். உன்னை அடித்தேன். கொக்கியை அவிழ்க்கத் தெரியாததற்கு அடித்தேன், கட்டியது நான்தான் என்பது அடிக்கிறபோது ஞாபகத்தில்தான் இருந்தது. உன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளைக்கு எந்தக் கை வாகோ அந்தக் கையால எழுதட்டுமே, நீ எதுக்கு இந்தப் பாடு படுத்துக" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் சாயங்காலம் தன்னுடைய ஆணிக் கடையிலிருந்து சாயா குடிக்க வீட்டுக்கு வரும்போது உன் கட்டை அவிழ்த்துவிடுவார். உன்னைக் கட்டிவிட்டு வெளியே போன நான் திரும்பி வருகிற கேட் சத்தம் கேட்டதும் அவரே திரும்பக் கட்டிவிடுவார். அவருக்கு அவசரத்தில் முடிச்சு முன்னால் விழும், அதை வைத்தே நான் கண்டுபிடித்துவிடுவேன். உனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், அவர் நல்லவர், அவிழ்த்தவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். கட்டவும் செய்தார் என்பதை யோசித்திருக்கிறாயா? நான் ஒருத்தி கெட்டவளாக இருந்தது உங்கள் இரண்டு பேருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

பிறகு உனக்கு வலது கை பழகிவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். எட்டாம் வகுப்பில் நீ என்னுடைய வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாய். ஒரு நாள் போர்டில் வட்டம் போடச் சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வகுப்பு சட்டென்று அமைதியானது. திரும்பிப் பார்த்தால் போர்டில் ஒரு வட்டம், காம்பஸ் இல்லை, நூல் இல்லை, ஒரே வீச்சில் போட்டது. சாக்பீஸ் உன் இடது கையில் இருந்தது. முப்பது வருஷ வேலையில் அப்படியொரு வட்டத்தை நான் பார்த்தது கிடையாது, நானும் போட்டது கிடையாது. டஸ்டரை எடுத்து அதை நானே அழித்தேன். "கைய மாத்திப் போடு" என்றேன். வலது கையால் போட்டாய், அது பூசணிக்காய் மாதிரி வந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து நீ வீட்டில் என்னை அம்மா என்று கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிப்பாய். இன்றைக்கும் போனில் அந்த ஒரு நொடி இருக்கிறது. சிக்னல் பிரச்சினை என்று ஷீபா நினைக்கிறாள்.

நீ அயர்லாந்துக்குத் திரும்பிப் போன பிறகு இதையெல்லாம் குரூப்பில் எழுதிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "தாணு வந்திருந்தபோது என் கையைக் கட்டிப்போட்டு வேலை செய்ய வைத்தான், அது நான் அவனுக்குச் செய்ததுதான், அவன்மேல் தப்பில்லை" என்பதுதான் நான் எழுத நினைத்தது. ஒற்றைக் கையால் தமிழ் அடிப்பது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியாது. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் நான் கீபோர்டில் தேட வேண்டும். கீபோர்டில் தட்டும்போது டச்பேட் தானாக அணைந்துகொள்ளும்படி நீ வைத்திருந்தாய், சரிதான், வேகமாக அடிக்கிறவர்களுக்கு அது போதும். நான் அடுத்த எழுத்தைத் தேடி முடிப்பதற்குள் அது மறுபடி விழித்துக்கொள்ளும். அதோடு, அம்புக்குறியை நகர்த்துவது எனக்கு அஞ்சு நிமிஷ வேலை என்பதால், அனுப்புகிற பட்டன்மேல் அதை முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கட்டிப்போட்டு என்று அடித்து முடித்தேன். நீ பலகைமேல் வைத்துப் பழக்கிய என் வலது கை, பக்கத்தில் கிடந்தது, சரிந்து அதன்மேல் விழுந்தது. சும்மா தொட்டாப் போரும் அல்லவா, செய்தி போய்விட்டது.

பத்து நிமிஷத்தில் மீதியை அடித்துப் போட்டிருக்கலாம். உட்கார்ந்து அடிக்கத்தான் போனேன். அதற்குள் போன் அடித்தது. தங்கை பேசினாள். "அக்கா, தாணு ஒன்னயக் கட்டிப் போட்டானா? உள்ளதைச் சொல்லு, அடிச்சானா?" என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. "கட்டினான்" என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள். போனை ஷீபாவிடம் கொடுத்துவிட்டேன். அடுத்து உன் மாமியார் கூப்பிட்டார், அடுத்து சாலைக் கடைத்தெருவிலிருந்து உன் பெரியப்பா மகன். ஷீபா பாவம், "அம்மே, எல்லாரும் விளிக்குந்து, ஞான் எந்து பறயணும்?" என்று, கூப்பிடுகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் என் முன்னால் வந்து நின்றாள். அம்மா தூங்குகிறாள் என்று மட்டும் சொல் என்றேன். நான் தூங்கவில்லை. நீ எத்தனை பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாய், உன் பெண்டாட்டி உன்னை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். நீ எனக்கு ஒன்பது தடவை கூப்பிட்டாய். எடுக்கவில்லை. மூன்று நாள் இப்படி இருந்தேன் தாணு. அந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு ருசித்தது. ஸ்ட்ரோக் வந்த பிறகு முதல் தடவையாக இரண்டாவது தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இதுதான் உன்னிடமும் இவர்களிடமும் சொல்ல வேண்டியது. கை தவறியது தற்செயல், மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது தற்செயல் இல்லை. நான் குழம்பவில்லை. நல்ல தெளிவோடு உன்னை அவமானப்படுத்தினேன். நாலாம் நாள் நீ குரூப்பில் எனக்குக் குழப்பம் என்று எழுதினாய். உனக்கும் அது குழப்பம் இல்லை என்று தெரியும், என்னை உன்னைவிட யாருக்குத் தெரியும். அதைப் படித்ததும் கோபம் வரவில்லை. என் பிள்ளைதான் என்று நினைத்தேன். அழுதேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஷீபாவைக் கேட்டுக்கொள்.

அன்றைக்குச் சாயங்காலமே செட்டிங்ஸை மாற்றினேன். டச்பேடைத் தொடாமலேயே மாற்றினேன். கம்ப்யூட்டர் அறையில் பிள்ளைகளிடம் மவுஸை எல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டு, இப்போது வேலை செய்யுங்கள் பார்ப்போம் என்று நான் வாட்டி எடுப்பது வழக்கம், அது எனக்கே உதவியது. செட்டிங்ஸைத் திறந்து, ஆங்கிலத்தில் டச் என்று அடித்தால் அந்தப் பக்கம் வந்து நிற்கும். டேப் சாவியால் ஒவ்வொரு வரியாக இறங்கி, ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். தட்டினால் கிளிக் ஆவதை நிறுத்தினேன். இது பழைய லேப்டாப், பலகைக்குக் கீழே தனியாக இரண்டு பட்டன் உண்டு, இனி அதை அழுத்தினால்தான் கிளிக். முதன்மைப் பட்டனை வலப்பக்கம் மாற்றினேன், இடது கையின் ஆள்காட்டி விரல் அங்கேதான் விழும். வேகத்தைக் குறைத்தேன். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சாவியைத் தட்ட எனக்குக் கை கிடையாது, ஆகவே ஷிப்டை ஒரு தடவை தட்டினால் நின்றுகொள்ளும்படி வைத்தேன். எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம். என்னைக் குழம்பியவள் என்று எழுதிக்கொடுக்கப்போகிற டாக்டரை இதைச் செய்துகாட்டச் சொல். வலது கையை மடியில் போட்டு, அதன்மேல் அதே தோர்த்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்தக் கடிதத்தை எட்டு நாளாக இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்படி எழுதும்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. முதல் இரண்டு நாள் இடது கை சொன்னபடி கேட்கவில்லை. அம்புக்குறியை ஒரு பக்கம் கொண்டுபோனால் இன்னொரு பக்கம் போய் நின்றது. எரிச்சலில் கண்ணீர் வந்தது. எனக்கு அறுபத்தெட்டு வயது, ஏன் இப்படி என்று தெரியும், பக்கத்தில் அடிக்கிற ஆள் இல்லை. உனக்கு அஞ்சு வயது. ஏன் என்று தெரியாது. பக்கத்தில் நான் நின்றேன். எனக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வரவில்லை, வந்தால் கேட்டிருப்பேன். புத்தி சொல்ல மட்டும் வருகிறது, முப்பது வருஷத் தொழில். ஒருத்தருக்கு நல்லது என்று சொல்லி அவரைக் கட்டும்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள். கையுறை கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கும்போது தோர்த்தைத் தேடாதே. உன் பிள்ளைகளை அடித்தால் அன்றைக்கே அவர்களிடம் பேசிவிடு, முப்பத்தாறு வருஷம் கழித்துக் குரூப்பில் எழுதாதே. உன்னிடம் ஒற்றைக் கைதான் மிச்சமாகும் நாள்வரை காத்திருக்காதே.

இனி சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் சமையல் இருக்கும், உனக்குப் பிடித்த தீயல் ஷீபா வைப்பாள், நான் சொல்லிக்கொடுத்து அவள் வைப்பது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. லேப்டாப்பைத் தொடாதே. படிவத்தை எடுத்து மேசையில் வை. நான் போட மாட்டேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன், இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். எனக்கு டாக்டர் கடிதம் வேண்டாம், தெளிவாக இருக்கிறவளாகவே கையெழுத்துப் போட்டு நெடுமங்காட்டுக்குப் போகிறேன். இடது கையால் என் பெயரை எழுதப் பழகிவிட்டேன், பார்க்கச் சகிக்காது, செல்லும். ஆனால் பொறுப்பாளர் என்ற இடத்தில் நீ முதலில் போட வேண்டும். இடது கையால் போட வேண்டும். உன் சொந்தக் கையின் எழுத்தை நான் பார்த்ததே இல்லை தாணு. ஒரு வட்டம் பார்த்தேன், அதையும் அழித்தேன். அதை ஒரு தடவை பார்க்காமல் நான் இந்த வீட்டை விட்டு இறங்க மாட்டேன்.

வராது என்று சொல்வாய். நாற்பத்தொரு வயதில், குரூப்பில் இத்தனை பேருக்குத் தெரிய, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கிறுக்க வெட்கமாக இருக்கும். வலது கை தானாக முன்னால் வரும். வந்தால் கட்டிவிடுகிறேன், ஒற்றைக் கையால் கட்ட நாற்காலிக் கம்பியில் பழகிவைத்திருக்கிறேன். இரண்டு சுற்று, முடிச்சு பின்னால். இந்தத் தடவை கேட் சத்தம் கேட்டு அவிழ்க்க உன் அப்பா இல்லை. நான்தான் அவிழ்க்க வேண்டும், அதற்கும் பழகியிருக்கிறேன்.

அம்மா